பத்து நாள் பிழை
(பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்)



ஒவ்வோர் ஆண்டும் தபசு காலம் வந்துவிட்டால், ஞாயிறு பூசை முடிந்ததும் பங்களா வாசலில் ஒரு வரிசை நிற்கும். எல்லோர் கையிலும் பேனா. "சாமி, மந்திரிச்சுக் குடுங்க" என்பார்கள். சந்தோஷமாக மந்திரித்துக் கொடுக்கிறேன், இனியும் கொடுப்பேன். சென்ற ஞாயிறு அந்த வரிசையில் நின்ற பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்து, "எந்தப் பாடத்துக்கப்பா பயம்?" என்று கேட்டேன். "கணக்குக்குத்தான் சாமி. மத்ததெல்லாம் படிச்சா வந்துரும். கணக்கு மட்டும் படிச்சாலும் வராது" என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் ஆமென்று சொல்வதுபோல் தலையை அசைத்தார்கள்.

படித்தாலும் வராது என்பது மெய்தானா? அந்தப் பையனுக்குச் சொல்ல நினைத்ததை இவ்வாரம் எழுதுகிறேன். உங்களில் ஒருவனோடு தனியே உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதுவதால் "நீ" என்றே சொல்கிறேன். பெண் பிள்ளைகளும் தங்களுக்கே சொன்னதாக எடுத்துக் கொள்வார்களாக.

முதலில் நம் திருச்சபைக்கே நேர்ந்த ஒரு கணக்குச் சிக்கலைச் சொல்கிறேன். பாஸ்குத் திருநாளை எந்த ஞாயிறு கொண்டாடுவது என்பதற்கு ஒரு கணக்கு இருப்பதை நீ அறிவாய். பகலும் இரவும் சமமாயிருக்கும் வசந்தகால நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொண்டு, அன்றோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு பாஸ்கு. அக்காலத்தில் வழங்கியது ஜூலியஸ் சீசர் ஏற்படுத்திய பஞ்சாங்கம். அதில் ஆண்டுக்கு 365¼ நாள். கால் நாளை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்து லீப் வருஷத்தில் ஒரு நாள் கூட்டிக் கொண்டார்கள். கணக்கு வெகு அழகு; ஆனால் மெய்யான சூரிய ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு.

பதினோரு நிமிடம்! ஆண்டு முழுவதற்கும் பதினோரு நிமிடத்தை யார் கவனிப்பார்கள்? ஆனால் நீயே பெருக்கிப் பார். நிசேயா பொதுச்சங்கம் கூடியது 325ஆம் ஆண்டில். அங்கிருந்து 1582 வரையில் 1257 ஆண்டுகள். 1257ஐ 11ஆல் பெருக்கினால் 13,827 நிமிடம். ஒரு நாளைக்கு 1440 நிமிடம். வகுத்தால் ஒன்பதரை நாளுக்கு மேல் வருகிறது. 11 நிமிடத்துக்கு மேல் நாம் விட்டுவிட்ட வினாடிகளையும் சேர்த்தால் பத்து நாளை நெருங்கும். அதாவது, வானத்தில் மார்ச் 11 வாக்கிலேயே பகலும் இரவும் சமமாகிவிட, பஞ்சாங்கம் மட்டும் மார்ச் 21ஐப் பிடித்துக்கொண்டு நின்றது.

இப்பிழையை ஒருவரும் காணாமல் இல்லை. ரோஜர் பேக்கன் என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி 1267 வாக்கிலேயே பாப்பரசருக்கு எழுதி அனுப்பிய நூலில் இதைக் காட்டியிருந்தார். அதற்குப் பின்னும் முந்நூறு ஆண்டு கழிந்தது. கடைசியில் பாப்பரசர் 13ஆம் கிரகோரியார்தாம் அறிஞர் குழுவொன்றை அமைத்தார். வழியைக் கண்டு சொன்னவர் லூயிஜி லீலியோ என்னும் இத்தாலிய வைத்தியர். திருத்தம் நடக்குமுன்பே அவர் இறந்துபோனார். அவர் கணக்கைச் சோதித்து, உலகுக்கு விளக்கிச் சொல்லி, எதிர்த்தவர்களுக்கெல்லாம் பதில் எழுதியவர் உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சேசு சபைக் குரு கிறிஸ்தோபர் கிளாவியுஸ்.

என்ன செய்தார்கள் தெரியுமா? 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி வியாழக்கிழமைக்கு மறுநாளை, அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று வைத்தார்கள். பத்துத் தேதிகள் அவ்வாண்டில் இல்லவே இல்லை. அவிலா நகர் அர்ச். தெரேசம்மாள் அந்த அக்டோபர் 4 இரவில்தான் மரித்தார்; மறுநாள் அடக்கம். அந்த மறுநாளின் தேதி 15. அவருடைய திருநாள் அக்டோபர் 15இல் வருவதையும் இத்துடன் சேர்த்து நினைத்துப் பார்த்தால் மறக்கவே மறக்காது. இனிமேல் பிழை சேராதிருக்க, 400 ஆண்டுகளுக்கு 100 லீப் வருஷம் என்றிருந்ததை 97 ஆகக் குறைத்தார்கள். ஆகவேதான் 1700, 1800, 1900 லீப் வருஷங்கள் அல்ல. 1600ம் 2000மும் லீப் வருஷங்கள்.

எல்லா நாடுகளும் அப்போதே திருத்திக் கொள்ளவில்லை. பாப்பரசர் சொன்னது என்பதற்காகவே ஒத்திப்போட்ட நாடுகள் உண்டு. இங்கிலாந்து 1752 வரை காத்திருந்தது. அப்போது பத்து நாள் போதவில்லை, பதினொரு நாளை விடவேண்டியதாயிற்று. ருஷ்யா 1918இல் திருத்தியது. பதின்மூன்று நாள் போயிற்று. தாமதித்தவனுக்குக் கடன் கூடித்தான் போகும்.

இப்போது உன் கணக்கு நோட்டுக்கு வருவோம்.

உனக்கும் எங்கேயோ ஒரு பதினோரு நிமிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அதைத் தேடாதே. அது பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ கிடக்கிறது. அம்மை போட்டு நீ பள்ளிக்கூடம் போகாமலிருந்த இரண்டு வாரமாக இருக்கலாம். வாத்தியார் மாறிய மாதமாக இருக்கலாம். வெறும் விளையாட்டுத்தனமாகவும் இருக்கலாம். சரித்திரத்தில் ஒரு பாடம் விட்டுப்போனால் அடுத்த பாடத்தை எடுத்துப் படித்துக் கொள்ளலாம். கணக்கிலோ ஒரு பாடத்தின் தோளில் அடுத்த பாடம் நிற்கிறது.

ஓர் உதாரணம். ஆயத்தொலை வடிவியலில் இரண்டு புள்ளிகள் கொடுத்து, அவற்றைச் சேர்க்கும் நேர்க்கோட்டின் சாய்வு கேட்கிறார்கள். புள்ளிகள் (2, −3), (5, 3) என்று வைத்துக்கொள். மேலே 3 − (−3). கீழே 5 − 2. மேலே 6, கீழே 3, சாய்வு 2. சென்ற வாரம் ஒரு பெண் இதையே என்னிடம் போட்டுக் காட்டினாள். சூத்திரம் அப்பழுக்கில்லாமல் எழுதியிருந்தாள். ஆனால் 3 − (−3) என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதி, சாய்வும் பூஜ்யம் என்று முடித்துவிட்டாள். பூஜ்யம் என்றால் கோடு படுத்துக் கிடக்கவேண்டும்; இவ்விரு புள்ளிகளையும் வரைபடத் தாளில் வைத்தாலோ கோடு மேல்நோக்கி ஏறுவதைக் கண்ணே காட்டிவிடும். அவள் சொன்னது என்ன? "எனக்கு ஆயத்தொலை வடிவியல் வராது சாமி." பிள்ளாய், உனக்கு ஆயத்தொலை வடிவியல் வருகிறது. ஏழாம் வகுப்பில் படித்த குறை எண் கழித்தல்தான் வரவில்லை! அதுவே நாளைக்கு இருபடிச் சமன்பாட்டிலும் உன்னைத் தள்ளும், புள்ளியியலிலும் தள்ளும். நீயோ ஒவ்வொரு பாடமாக எண்ணி, எல்லாமே வராது என்று முடிவு கட்டிவிடுவாய். இருப்பது ஒரு பிழை. எட்டுப் பாடத்திலும் எட்டு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நானும் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் 19 மார்க்கு வாங்கியவன்தான். சிறிய குருமடத்தில் எங்களோடிருந்த வயதான ஆசிரியர் ஒருவர் என் விடைத்தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆறாம் வகுப்புப் புத்தகத்தை என் கையில் கொடுத்துப் பின்னக் கணக்குப் போடச் சொன்னார். படிப்பு அறையில் என்னைவிடச் சின்னப் பையன்கள் அந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். காது சிவந்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த வெட்கம் இரண்டு வாரத்தில் போயிற்று. அதற்குமுன் மூன்று வருஷமாக நான் சுமந்த பயமும் அதனோடேயே போயிற்று.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டுமென்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறாய், முதலாவது ஆத்துமசோதனை. தப்பாய்ப் போட்ட கணக்கு பாவமல்ல. அதை யாரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து சொல்ல வேண்டாம்! ஆனால் சோதிக்கும் முறை அதுவேதான். "பல பாவங்கள் செய்தேன் சாமி" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது அல்லவா? என்ன, எத்தனை முறை என்று பார்க்கவேண்டும். அப்படியே "கணக்கில் வீக்" என்று சொல்வதும் பொத்தாம்பொதுப் பேச்சு. திருத்தித் திரும்பி வந்த விடைத்தாளை எடு. மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிக்கிறாயே, அதை விரித்து வை. ஒவ்வொரு தப்பையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படி. முதன்முதலாகப் பொய் நுழைந்த வரி எது? அந்த வரியைத் தனி நோட்டில் எழுது. பக்கத்தில் காரணத்தையும் எழுது: குறி மாறியது, அடைப்புக்குறியை நீக்கும்போது தவறினேன், பின்னம், கேள்வியையே தப்பாய்ப் படித்தேன், சென்டிமீட்டரையும் மீட்டரையும் கலந்தேன். நாலைந்து தாள்களுக்கு இதைச் செய்தபின் நோட்டைப் புரட்டு. இருபது தப்பும் இருபது விதமாயிராது. மூன்று காரணமோ நாலு காரணமோதான் மாறிமாறி வரும். உன் பயத்துக்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைக்கிறது.

இந்தச் சோதனையைப் பலர் செய்யாததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. தன் தப்பை உற்றுப் பார்ப்பது மனுஷனுக்குக் கசக்கிறது. அதைவிடக் கைடு புத்தகத்தைத் திறந்து, அழகாகப் போட்டிருக்கும் கணக்கைப் பார்த்து எழுதிக் கொள்வது இனிக்கிறது. கைபேசியில் ஒருவர் விறுவிறுவென்று கணக்குப் போடுவதைப் பார்ப்பது இன்னும் இனிக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிந்தாற்போலவே இருக்கும். பிறர் சமைப்பதைப் பார்த்தே பசியாறியவன் உண்டோ? பார்ப்பதில் குற்றமில்லை, பார்த்தபின் மூடிவைத்துவிட்டு வெறுந்தாளில் நீயே போட்டுப் பார். பாதியில் நின்றுவிட்டால், நின்ற அந்த இடம்தான் அன்றைக்கு உனக்குக் கிடைத்த லாபம்.

போட்டது சரியா தப்பா என்று அறிய எப்போதும் வாத்தியாரைத் தேடவும் வேண்டாம். கணக்கில் உள்ள ஒரு பெரிய நன்மை, அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ள விடும். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாயா? ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. அரை ரொட்டியோடு இன்னும் ஒரு துண்டு சேர்த்தபின் ரொட்டி குறையுமா? (அ + 3)² என்பதை அ² + 9 என்று எழுதியிருக்கிறாயா? அ-வுக்கு 1 போட்டுப் பார். ஒரு பக்கம் 16, மறுபக்கம் 10. சமமில்லை, நடுவில் 6அ விட்டுப்போயிற்று. 7 − (3 − 5) எவ்வளவு? அடைப்புக்குள் −2, ஆகவே 9. உனக்கு −1 வந்தால் அடைப்புக்குறியை நீக்கும்போது இரண்டாவது குறியை மாற்றவில்லை என்று அர்த்தம். சைன் 60 பாகை, சைன் 30 பாகையைப் போல் இருமடங்கு என்று நினைக்கிறாயா? சைன் 30 அரை, இருமடங்கு 1. சைன் 60 ஆனால் 0.866 அளவுதான். இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடித்தால் அவற்றைச் சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுப் பார். பூஜ்யம் வராவிட்டால் விடை பொய். அரை நிமிட வேலை.

இன்னும் இருக்கும் வாரங்களில் என்ன செய்வது? புதுப் பாடத்தோடு, நாள்தோறும் அரைமணி நேரத்தைப் பழைய கடனுக்கென்று ஒதுக்கு. குறை எண்கள், பின்னங்கள், அடைப்புக்குறியும் முற்றொருமைகளும், விகிதமும் சதவீதமும், எளிய சமன்பாடு: என் அனுபவத்தில் கடன் எல்லாம் இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. வெட்கமாயிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படி. திருச்சபையே எல்லோரும் பார்க்கப் பத்து நாளை விட்டுத் திருத்திக் கொண்டபோது, நீ ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பது ஒரு வெட்கமா?

வினாத்தாளைப் பற்றிப் பள்ளியில் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். 2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தாளில் ஒரு மார்க்குக் கேள்வி 14, இரண்டு மார்க்குக்கு 10, ஐந்து மார்க்குக்கு 10, எட்டு மார்க்குக்கு 2, ஆக 100. தேர்ச்சிக்கு 35. அந்த எட்டு மார்க்கு இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். இவ்விரண்டிலும் கைப்பழக்கமே முக்கியம். கூர்மையான பென்சிலும் இறுக்கமான கவராயமும் பாதி வேலை செய்துவிடும். நாளுக்கொன்று வரைந்துவந்தால் 16 மார்க்கை ஏன் இழக்கவேண்டும்? தேற்றங்களை மட்டும் படத்தை வரையாமல் மனப்பாடம் செய்யாதே. படத்தில் எழுத்தை மாற்றிக் கொடுத்தால் மனப்பாடம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

கூப்பர்த்தினோ நகர் அர்ச். சூசையப்பரைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1603இல் பிறந்த இத்தாலியர், படிப்பு ஏறாதவர், பரீட்சை எழுதுவோருக்குப் பாதுகாவலர். மேற்றிராணியார் பரீட்சை செய்தபோது, தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சுவிசேஷப் பகுதியையே அவர் கேட்டுவிட்டார் என்று சொல்வார்கள். இந்தக் கதையைச் சொல்லி, "எனக்கும் தெரிந்த கேள்வியே வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் சாமி" என்று ஒரு பையன் சாமர்த்தியமாகப் பேசினான். வேண்டிக்கொள். ஆனால் அர்ச்சியசிஷ்டவர் அந்த ஒரு பகுதியையாவது நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார் என்பதை மறந்துவிடாதே.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன், பரீட்சை முடிவு வந்த நாள், இருட்டியபின் மாதா கெபியின் பின்னால் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். காலையில் முடிவு பார்த்ததிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள், சாப்பிடவில்லை. கணக்கில் 27. "பாஸ் ஆகலேன்னா வீட்டுப் பக்கம் வராதேன்னு அப்பா சொன்னாங்க சாமி" என்றாள். தகப்பனாரைக் கூப்பிட்டனுப்பினேன். ஓடிவந்தார். அழுதுகொண்டே, "விளையாட்டாகச் சொன்னேன் சாமி" என்றார். பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு அவள் கெபிக்கு வராமல் வேறெங்காவது போயிருந்தால் என்ற நினைவு இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்வதுண்டு.

தவறிய பாடத்துக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. அவள் எழுதினாள், தேறினாள். ஆனால் நான் சொல்ல வருவது அது மாத்திரமல்ல. "தெரியவில்லை" என்று பிள்ளை பயமில்லாமல் சொல்லக்கூடிய வீட்டில்தான் அந்தப் பதினோரு நிமிடப் பிழை பதினோரு நிமிடமாக இருக்கும்போதே பிடிபடும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லிக் குத்தினால், உங்கள் பிள்ளை விடைத்தாளை மறைக்கக் கற்றுக்கொள்வான். கணக்கைக் கற்றுக்கொள்ள மாட்டான். உங்களுக்குக் கணக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. இரவில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்றைக்கு எங்கே நின்றுபோயிற்று?" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அது போதும்.

வருகிற திங்கள் முதல் பரீட்சை முடியும்வரை, மாலை 7 மணி முதல் 9 மணி வரை கோவில் மண்டபம் படிப்பவர்களுக்குத் திறந்திருக்கும். நம் பங்கைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் முறை வைத்து வந்து உதவ இசைந்திருக்கிறார்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரலாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பழைய கணக்குப் புத்தகங்களை வீட்டில் வைத்திருப்போர் எடைக்குப் போடாமல் உபதேசியாரிடம் கொடுத்தால் நன்றியறிதலோடு பெற்றுக்கொள்வோம். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பேனா மந்திரிக்கப்படும். வருகிறவர்கள் பேனாவோடு, கடைசியாகத் திருத்தித் தந்த கணக்கு விடைத்தாளையும் கொண்டுவரவும். எத்தனை மார்க்கு என்று கேட்கமாட்டேன்.

உங்கள் பங்குக் குரு